யார் மூச்சுக்கு எந்த இன்ஹேலர்

மார்கழிப் பனியும் போகிப் புகையும் சேர்ந்து வரும் நாட்களில் நம் மருந்துக்கடைகளில் அடிக்கடி கேட்கும் குரல் இது: "அண்ணே, அந்த நீலக் கலர் பம்ப் ஒண்ணு குடுங்க." கையில் சீட்டு இருக்காது. கடைக்காரரும் கேட்க மாட்டார். அரை நிமிடத்தில் பம்ப் கைமாறிவிடும். இன்னொருவர் வருவார், "இழுப்புக்கு மாத்திரை போதும், பம்ப் வேணாம், பழகிப்போயிடும்" என்பார். அவருக்கும் கேட்டது கிடைத்துவிடும். ஆஸ்துமாவுக்கான மருந்துத் தேர்வு பெரும்பாலும் இப்படித்தான், நோயாளியின் அச்சமும் கடைக்காரரின் அவசரமும் சேர்ந்து முடிவாகிறது.

உலக நோய்ச்சுமை குறித்த 2019ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் சுமார் 3.4 கோடிப் பேருக்கு ஆஸ்துமா இருக்கிறது. உலக நோயாளிகளில் இது ஏறத்தாழ 13 சதவீதம். ஆனால் உலகின் ஆஸ்துமா மரணங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் இங்கே நிகழ்கின்றன. நோயில் நம் பங்குக்கும் சாவில் நம் பங்குக்கும் இடையில் இவ்வளவு இடைவெளி ஏன்? மருந்து இல்லாததால் அல்ல. இன்ஹேலர்களைக் குறைந்த செலவில் செய்து பிற நாடுகளுக்கும் அனுப்பும் நாடு இது. தவறான மருந்து, சரியான மருந்தைத் தவறாக இழுப்பது, இழுக்கவே அஞ்சுவது என்று மூன்றும் இந்த இடைவெளியில் இருக்கின்றன.

"எந்த இன்ஹேலர் நல்லது?" என்று கேட்பவர் உண்மையில் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கிறார். உள்ளே இருக்கும் மருந்து எது என்பது ஒன்று. அதை நுரையீரலுக்குக் கொண்டுபோகும் கருவி எது என்பது மற்றொன்று. உயிரோடு நேரடியாகத் தொடர்புடையது முதல் கேள்வி. அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் அழற்சியால் வீங்குகிறது, சளி சுரக்கிறது, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. நீலப் பம்பில் உள்ள சால்பியூட்டமால் அந்தத் தசையைத் தளர்த்தும். சில நிமிடங்களில் மூச்சு வரும், நான்கு முதல் ஆறு மணி நேரம் நிற்கும். அழற்சியை அது தொடுவதே இல்லை. பொங்கிவரும் பாலில் தண்ணீர் தெளித்துவிட்டு அடுப்பை அப்படியே எரியவிடுவது போன்றது இது. அடுப்பைத் தணிக்கும் வேலை ஸ்டீராய்டு இன்ஹேலருடையது. புடசோனைடு, பெக்லோமெத்தசோன், புளூட்டிகசோன் எல்லாம் அந்த வகை. அவை உடனே ஒன்றையும் உணர்த்துவதில்லை. பலன் தெரிய நாட்களும் வாரங்களும் ஆகும். அதனால்தான் நோயாளி நீலப் பம்பை நம்புகிறார், மற்றதை அலமாரியில் வைத்துவிடுகிறார். அந்த நம்பிக்கையில் அவர்மேல் குற்றமில்லை. உடனே உதவுகிறவரைத்தான் யாரும் நண்பர் என்று நினைப்பார்கள்.

மூச்சுவழி மருந்தின் வரலாற்றில் நம் ஊருக்கும் ஓர் இடம் உண்டு. மூச்சிரைப்புக்கு ஊமத்தையைப் புகையாக இழுக்கும் வழக்கம் இங்கே பழையது. மதராஸில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் அதைக் கவனித்தார். அவரிடமிருந்து அறிந்த ஜென்ட் என்ற தளபதி 1802இல் அந்த வழக்கத்தைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க ஐரோப்பாவில் ஊமத்தை இன இலைகள் சுருட்டாக விற்றன. ஊமத்தை கொடிய நஞ்சு. அளவு சற்று மீறினாலும் ஆளைக் கொல்லும், யாரும் முயலக் கூடாது. ஆனால் அதிலுள்ள வேதிப்பொருளின் வழியில் உருவாக்கப்பட்ட இப்ராட்ரோபியமும் டயோட்ரோபியமும் இன்று இன்ஹேலர்களில் பாதுகாப்பாகப் பயன்படுகின்றன.

இன்று நாம் அறிந்த பம்பு வந்தது 1956இல். அமெரிக்காவின் ரைக்கர் நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மெய்சனின் பதின்மூன்று வயது மகளுக்கு ஆஸ்துமா. கண்ணாடிக் குப்பியையும் ரப்பர் குமிழையும் அழுத்தி அழுத்தி அலுத்துப்போன அந்தப் பெண், தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே போல மருந்தையும் அடைத்துத் தரக் கூடாதா என்று அப்பாவிடம் கேட்டாள். அடுத்த ஆண்டே அது கடைக்கு வந்துவிட்டது.

பத்தே ஆண்டுகளில் அந்த எளிமையின் மறுபக்கம் தெரிந்தது. 1960களில் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இளம் ஆஸ்துமா நோயாளிகள் திடீரென்று அதிகமாக இறந்தார்கள். அதிக வீரியமுள்ள ஐசோபிரினலின் பம்பின் பயன்பாட்டோடு அந்தச் சாவுகள் இணைத்துப் பார்க்கப்பட்டன. நியூசிலாந்தில் 1970களின் பிற்பகுதியில் மீண்டும் ஓர் அலை எழுந்தது, இம்முறை பெனோட்டெரால் என்ற மருந்தோடு. சற்று நேரம் மூச்சு தந்து, உள்ளே நோய் முற்றுவதை மறைத்துவிடும் மருந்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இவை சான்று. 1972இல் பெக்லோமெத்தசோன் இன்ஹேலர் வந்தபோது மாற்று கிடைத்தது. கனடாவின் சஸ்காச்சுவான் மாநில நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2000இல் வெளியான கட்டுரை, ஓர் ஆண்டில் கூடுதலாகப் பயன்படுத்தும் ஒவ்வொரு ஸ்டீராய்டு இன்ஹேலருக்கும் ஆஸ்துமாவால் இறக்கும் வாய்ப்பு 21 சதவீதம் குறைவதைக் காட்டியது.

இவ்வளவு தெரிந்த பிறகும் 2014இல் பிரிட்டன் தன் ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து விசாரித்தபோது வெளிவந்தது கசப்பான உண்மை. ஆராயப்பட்டவை 195 மரணங்கள். உடனடி நிவாரணப் பம்பு வாங்கிய எண்ணிக்கை பதிவாகியிருந்த 165 பேரில் 65 பேர் இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட பம்புகளை வாங்கியிருந்தார்கள். ஆறு பேர் ஐம்பதுக்கும் மேல். மாதம் ஒரு நீலப் பம்பு காலியாகிறது என்றால் அது மருந்துக் கணக்கு அல்ல, ஆபத்துக் கணக்கு. அதுவும் எல்லாம் பதிவாகும் நாட்டின் நிலை. சீட்டே இல்லாமல் விற்கும் ஊரில் இந்தக் கணக்கை யார் பார்ப்பார்கள்?

திருப்பம் 2018இல் வந்தது. சிக்மா என்று பெயரிட்ட இரு பெரிய ஆய்வுகள், லேசான ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தேவைப்படும்போது மட்டும் புடசோனைடும் ஃபார்மோடெராலும் சேர்ந்த இன்ஹேலரைக் கொடுத்துப் பார்த்தன. முதல் ஆய்வில், தேவைப்படும்போது வெறும் நிவாரண மருந்தை மட்டும் இழுத்தவர்களோடு ஒப்பிட்டால், கடுமையான மூச்சுத்திணறல் தாக்குதல்கள் 64 சதவீதம் குறைந்தன. தினமும் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குக் கிடைத்த அதே அளவு பாதுகாப்பு, அவர்கள் எடுத்த ஸ்டீராய்டில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கிலேயே கிடைத்தது. அடுத்த ஆண்டே ஜீனா எனப்படும் உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழு, வளர்ந்தோருக்கும் பதின்பருவத்தினருக்கும் சால்பியூட்டமாலை மட்டும் கொடுத்துச் சிகிச்சை செய்வதை இனிப் பரிந்துரைக்க முடியாது என்று அறிவித்தது. ஐம்பது ஆண்டுப் பழக்கத்தை மாற்றிய அறிவிப்பு அது. நம் தெருமுனை மருந்துக்கடை வரை அது இன்னும் வந்துசேரவில்லை என்பதுதான் என் கவலை.

கூட்டு இன்ஹேலர்கள் எல்லாம் ஒன்றல்ல. ஃபார்மோடெரால் சில நிமிடங்களில் வேலை செய்யும், பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். அதனால் அதோடு ஸ்டீராய்டு சேர்ந்த இன்ஹேலரைத் தினமும் எடுக்கலாம், திணறும்போதும் எடுக்கலாம். ஒரே கருவி இரண்டு வேலையையும் செய்யும். சால்மெட்டெராலும் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும், ஆனால் தொடங்கத் தாமதமாகும். சால்மெட்டெரால் சேர்ந்த இன்ஹேலரை அவசரத்துக்கு இழுத்துவிட்டுக் காத்திருப்பது ஆபத்து. அதை எடுப்பவருக்குத் தனியாக ஒரு நிவாரணப் பம்பு வேண்டும். இரண்டின் பெட்டியும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், விலையும் அருகருகே இருக்கும், கடையில் "இதுவும் அதுவும் ஒண்ணுதான்" என்று மாற்றிக் கொடுக்கவும் செய்வார்கள். ஒன்றல்ல. இந்த நீண்டநேர மருந்துகள் எதையும் ஸ்டீராய்டு இல்லாமல் ஆஸ்துமாவுக்குத் தனியே எடுக்கக் கூடாது என்பது பல உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடம்.

பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெரும்பாலோருக்குப் புடசோனைடு–ஃபார்மோடெரால் கூட்டுதான் இன்று முதல் தேர்வு. தினமும் எடுப்பதா, தேவைப்படும்போது மட்டுமா, எத்தனை முறை என்பதை நோயின் கடுமையைப் பார்த்து மருத்துவர் எழுதித் தர வேண்டும். 6 மைக்ரோகிராம் ஃபார்மோடெரால் உள்ள வகையில் வளர்ந்தோருக்கு ஒரு நாளின் மேல்வரம்பு 12 இழுப்பு. அதை நெருங்குகிறவர் வீட்டில் இருக்கக் கூடாது, மருத்துவமனையில் இருக்க வேண்டும். சின்னக் குழந்தைகளின் கணக்கு வேறு. அங்கே நிவாரணத்துக்கு இன்றும் சால்பியூட்டமால்தான், திணறல் அடிக்கடி வந்தால் தினசரி ஸ்டீராய்டு.

இப்போது கருவி. ஸ்பிரே, தூள், நெபுலைசர் ஆகியவற்றை ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து அமெரிக்க நெஞ்சுநோய் மருத்துவர் சங்கம் 2005இல் ஒரு முடிவுக்கு வந்தது: சரியாகப் பயன்படுத்தினால் எல்லாக் கருவிகளும் சமம். 'சரியாகப் பயன்படுத்தினால்' என்ற நிபந்தனையில்தான் எல்லாமே இருக்கிறது. 1975 முதல் 2014 வரை வெளியான ஆய்வுகளைத் தொகுத்த ஒரு கட்டுரை 2016இல் வந்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இன்ஹேலரை இழுத்துக் காட்டியதை அந்த ஆய்வுகள் கவனித்திருந்தன. முழுக்கச் சரியாகச் செய்தவர்கள் 31 சதவீதம்தான். நாற்பது ஆண்டுகளில் எத்தனையோ புதுக் கருவிகள் வந்தும் அந்த எண் நகரவே இல்லை. பொறியாளர்கள் கருவியை மாற்றிக்கொண்டே இருந்தார்கள், கற்றுக்கொடுப்பதை யாரும் மாற்றவில்லை.

ஸ்பிரே பம்பை எடுத்துக்கொள்வோம். நுரையீரலின் சிறு குழாய்களை எட்ட மருந்துத் துகள் 1 முதல் 5 மைக்ரான் அளவில் இருக்க வேண்டும். பெரிய துகள் தொண்டையில் மோதி நிற்கும், மிகச் சிறியது வெளிமூச்சோடு திரும்பிவிடும். பம்பிலிருந்து மருந்து மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும் வேகத்தில் சீறி வருகிறது. அந்த வேகத்தில் வருவது வளைந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்காது, தொண்டைச் சுவரில் அடிக்கும். நன்றாக இழுக்கத் தெரிந்தவருக்கே வழக்கமான பம்பில் பத்திலிருந்து இருபது சதவீத மருந்துதான் நுரையீரலுக்குப் போகும். அதனால் நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும் அதே கணத்தில் அழுத்தி, நான்கைந்து வினாடி நிதானமாக இழுத்து, பத்து வினாடி அடக்க வேண்டும். கையும் மூச்சும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். மேலே சொன்ன தொகுப்பில் பம்பு பயன்படுத்தியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் தவறியது இந்த ஒத்திசைவில்தான்.

இதற்குத் தீர்வு ஸ்பேசர். ஒரு முனையில் பம்பும் மறுமுனையில் வாயோ மாஸ்க்கோ பொருந்தும் வெற்றுக் குடுவை, அவ்வளவுதான். மருந்து அதற்குள் வேகம் குறைகிறது, உந்துவாயு ஆவியாகிறது, துகள் சிறிதாகிறது, தொண்டையில் ஒட்டவேண்டியது குடுவையிலேயே ஒட்டிக்கொள்கிறது. அழுத்தும் கணத்தையும் மூச்சையும் சேர்க்க வேண்டிய கவலை போய்விடுகிறது. ஸ்டீராய்டு பம்பு எடுப்பவருக்கு நாக்கில் வெண்படலமும் குரல் கரகரப்பும் வருவது குறைகிறது. இவ்வளவு எளிய, இவ்வளவு பயனுள்ள பொருளை நம் மக்கள் குழந்தைகளுக்கானது என்று ஒதுக்கிவிட்டார்கள். பம்பு எழுதும் சீட்டில் ஸ்பேசரையும் எழுதாத மருத்துவர் பாதி மருந்தைத்தான் எழுதியிருக்கிறார் என்பேன்.

ஸ்பேசர் வாங்க வசதி இல்லாத இடத்துக்குத் தென்னாப்பிரிக்கா ஒரு வழி காட்டியது. கேப் டவுனில் குழந்தை மருத்துவர் ஹெதர் ஸாரும் அவரது குழுவும் அரை லிட்டர் குளிர்பான பாட்டிலின் அடியில் பம்பின் வாய் நுழையும் அளவுக்குத் துளையிட்டு, இடுக்கைப் பசையால் அடைத்து, தாக்குதலோடு வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கடையில் விற்கும் ஸ்பேசருக்குச் சமமாக அது வேலை செய்தது. 1999இல் லான்செட் இதழில் வெளியான அந்த ஆய்வில் தெர்மகோல் கோப்பையும் சோதிக்கப்பட்டது, கடுமையான திணறலில் அது மிகவும் பின்தங்கியது. அதாவது காற்றுப் புகாமல் ஒட்டுவதும் குடுவையின் அளவும் முக்கியம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செவிலியர் செய்து தரக்கூடியது இது. ஏன் நம் ஊரில் பரவவில்லை என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஸ்பேசருக்கும் சில பழக்கங்கள் உண்டு. புதுப் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் இருக்கும், மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு கரைத்த நீரில் அமிழ்த்தி எடுத்து, துணியால் துடைக்காமல் தானாக உலரவிட வேண்டும். இரண்டு முறை அழுத்திவிட்டு ஒரே மூச்சில் இழுப்பது தவறு. ஒரு அழுத்தம், குழந்தை என்றால் ஐந்தாறு சாதாரண மூச்சு, பிறகு அடுத்தது. அழும் குழந்தையின் முகத்தில் மாஸ்க்கை அழுத்திப் பிடித்தால் மருந்து உள்ளே போகிறது என்று நினைக்கிறோம். அழும்போது நுரையீரலுக்குப் போவது மிகக் குறைவு. மடியில் வைத்துச் சமாதானப்படுத்திக் கொடுப்பதே சிகிச்சையின் பகுதி. மூன்று வயது வரை மாஸ்க் வேண்டும், நான்கைந்து வயதில் வாயில் வைத்து இழுக்கப் பழக்கலாம்.

தூள் வகைக்கு வருவோம். இந்தியாவில் ஏழைகளின் இன்ஹேலர் ரோட்டாஹேலர்தான். கேப்சூலைச் செருகி, திருகி, உடைந்து விழும் தூளை இழுக்க வேண்டும். உந்துவாயு கிடையாது, நம் மூச்சின் வேகமே மருந்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இங்கே விதி தலைகீழ். பம்பை மெதுவாக இழுக்கச் சொன்னோம். தூளைத் தொடக்கத்திலிருந்தே வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். ஒரே நோயாளிக்கு நிவாரணத்துக்குப் பம்பும் தடுப்புக்குத் தூளும் எழுதிக் கொடுத்தால் அவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். பம்பைச் சீறி இழுப்பார், தூளை மென்மையாக உறிஞ்சுவார். முடிந்தவரை ஒருவருக்கு ஒரே வகைக் கருவி என்பது நான் மிக வலியுறுத்தும் விதி. ஃபார்மோடெரால் கூட்டு அதற்கும் வழி செய்கிறது.

தூளின் நன்மைகள் கண்கூடானவை. கையும் மூச்சும் ஒத்திசைய வேண்டியதில்லை. ஸ்பேசரைச் சுமக்க வேண்டாம். கருவி கண்ணாடிபோல இருப்பதால் தூள் தீர்ந்ததா என்று பார்த்து, மீதி இருந்தால் மறுபடி இழுக்கலாம். கேப்சூல்களை எண்ணியே எத்தனை நாள் எடுத்தார் என்று வீட்டார் கண்டுகொள்ளலாம். கேப்சூலை முள் குத்தித் துளையிடும் ரிவோலைசர் போன்ற பின்வந்த கருவிகளில் குறைவான மூச்சு வேகமே போதும். ஆனால் ஐந்தாறு வயதுக்குக் குறைந்த குழந்தையால் தேவையான வேகத்தில் இழுக்க முடியாது. கடுமையாகத் திணறும் பெரியவராலும் சில நேரம் முடியாது. ஈரமும் பகை. கருவிக்குள் மூச்சை விட்டாலே தூள் கட்டியாகிவிடும். நாகப்பட்டினம், சென்னை போன்ற கடலோரக் காற்றில் கேப்சூலை முன்கூட்டியே பிரித்து வைப்பதும் குளியலறையில் வைப்பதும் கூடாது.

கேப்சூலைத் தண்ணீரோடு விழுங்கிவிடுகிறவர்களும் உண்டு. படிக்காதவர்கள் என்று இதை இளக்காரமாகப் பார்ப்பது நியாயமில்லை. 2008இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே இழுக்க வேண்டிய கேப்சூல்களை விழுங்காதீர்கள் என்று பொது எச்சரிக்கை விடுத்தது. கேப்சூல் என்றால் விழுங்குவது என்றுதான் எல்லோருக்கும் பழக்கம். சொல்லிக் கொடுக்காமல் கொடுத்தவர்மேல்தான் தவறு.

மூச்சு இழுத்ததும் தானாகவே மருந்தை வெளியிடும் பம்புகளும் இருக்கின்றன. விலை கூடுதல், ஆனால் ஒத்திசைவு வராத முதியவர்களுக்கு நல்ல துணை. மென்மையான தூவலாக மருந்தை மெதுவாக வெளிவிடும் கருவியும் உண்டு, டயோட்ரோபியத்தோடு அதிகம் வருகிறது. இவை பெரும்பாலோருக்கு முதல் தேர்வாக வேண்டியதில்லை.

நெபுலைசரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். "டாக்டர், குழந்தைக்கு நெபுலைசர் வெச்சிடுங்க" என்று கேட்காத பெற்றோர் குறைவு. சத்தம் போடும் எந்திரம், புகையாக வரும் மருந்து, பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பது எல்லாம் சேர்ந்து அது பெரிய வைத்தியம் என்ற எண்ணத்தைத் தருகின்றன. மருத்துவமனைக்குத் தாக்குதலோடு வந்தவர்களிடம் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு தொகுத்திருக்கிறது. ஸ்பேசர் வழியே பம்பு பெற்றவர்களும் நெபுலைசர் பெற்றவர்களும் வார்டில் சேர்க்கப்படும் வாய்ப்பில் வேறுபடவில்லை. குழந்தைகளோ ஸ்பேசரில் சீக்கிரமே தேறி வீடு திரும்பினார்கள், நெஞ்சு படபடப்பும் குறைவாக இருந்தது. உயிருக்கு ஆபத்தான நிலையில், ஆக்சிஜனோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியபோது நெபுலைசருக்கு இடம் உண்டு. வீட்டில் வாங்கி வைப்பது பலருக்கும் தேவையற்ற செலவு. மின்சாரம் போனால் நின்றுவிடும், கழுவாவிட்டால் கிருமி சேரும். எல்லாவற்றையும்விட மோசமானது, வீட்டில் எந்திரம் இருக்கிறது என்ற தைரியத்தில் மருத்துவமனைக்குப் போகத் தாமதிப்பது. பேச்சு முழு வாக்கியமாக வராமல் சொல் சொல்லாக உடைந்தால், உதடு நீலம் பாய்ந்தால், நெஞ்சின் விலா இடுக்குகள் உள்வாங்கினால், உடனே கிளம்ப வேண்டும். வழியிலும் ஸ்பேசரில் சால்பியூட்டமாலை ஒவ்வொன்றாக, நான்கு முதல் பத்து அழுத்தம் வரை, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கொடுத்துக்கொண்டே போகலாம்.

அச்சங்களுக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும், சிரித்து ஒதுக்கக் கூடாது. மாத்திரை லேசானது, பம்பு கடுமையானது என்று நம்புகிறார்கள். சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் இருக்கிறது. பம்பின் ஓர் அழுத்தத்தில் 100 மைக்ரோகிராம். ஒரு மாத்திரை நாற்பது அழுத்தங்களுக்குச் சமம், அதுவும் வயிறு, இரத்தம், உடல் முழுக்கச் சுற்றிவிட்டு நுரையீரலுக்கு வருகிறது. கை நடுக்கமும் படபடப்பும் மாத்திரையில் கூடுதல், பலன் தாமதம். ஸ்டீராய்டிலும் இதே கணக்கு. தினசரி இன்ஹேலர் அளவு சில நூறு மைக்ரோகிராம். தாக்குதல் முற்றிய பின் கொடுக்கும் பிரெட்னிசலோன் மாத்திரையோ நாளொன்றுக்கு 30, 40 மில்லிகிராம். சிறு அளவுக்கு அஞ்சி இன்ஹேலரை நிறுத்துகிறவர் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை பேரளவில் அதே வகை மருந்தை விழுங்குகிறார். எலும்பு, சர்க்கரை, கண் என்று விலை கொடுப்பது அப்போதுதான்.

குழந்தை வளராமல் போய்விடுமோ என்ற பயத்தில் உண்மையின் ஒரு துளி இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் சிறுவயதில் பல ஆண்டுகள் புடசோனைடு எடுத்தவர்களை வளர்ந்த பிறகும் அளந்து பார்த்தார்கள். 2012இல் வந்த முடிவு: உயரத்தில் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவு. எதிர்ப்பக்கத் தட்டில் தூக்கம் கெட்ட இரவுகளும் பள்ளி போகாத நாட்களும் மருத்துவமனை அனுமதிகளும் இருக்கின்றன. பெற்றோர் இந்தக் கணக்கைத் தாங்களே பார்த்து முடிவு செய்யட்டும். மருத்துவரின் வேலை மிகக் குறைந்த பயனுள்ள அளவைத் தேடுவது. பழகிப்போய்விடும் என்ற பயத்துக்கு மட்டும் அடிப்படையே இல்லை. நோய் நீண்டகாலத்தது என்பதால் மருந்தும் நீள்கிறது. கர்ப்பிணிகள் பயந்து நிறுத்துவதுதான் மிகவும் வருத்தமானது. தாய்க்கு மூச்சு குறைந்தால் வயிற்றிலுள்ள பிள்ளைக்கும் குறையும். மருத்துவர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது.

அண்மைக்காலத்தில் சேர்ந்த கேள்வி சூழல் சார்ந்தது. பழைய பம்புகளில் இருந்த வாயு ஓசோன் படலத்தை அரித்ததால், 1987இன் மாண்ட்ரியல் உடன்பாட்டுக்குப் பின் படிப்படியாக நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த வாயு ஓசோனைத் தொடாது, ஆனால் கரியமில வாயுவைப் போல ஆயிரத்து முந்நூறு மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். தூள் இன்ஹேலரில் இந்தச் சிக்கல் இல்லை. சுவீடனில் பெரும்பாலோர் தூளையே பயன்படுத்துகிறார்கள், அவர்களின் நோய்க் கட்டுப்பாடு குறைந்துவிடவில்லை. தூளைச் சரியாக இழுக்க முடிந்தவருக்கு அது இன்னொரு காரணம். மூன்று வயதுக் குழந்தையின் தாயிடம் இந்தச் சுமையை ஏற்றுவது அநியாயம். வாயுவை மாற்றுவது தயாரிப்பாளர்களின் பொறுப்பு. குறைந்த பாதிப்புள்ள வாயுக்கள் இப்போது வரத் தொடங்கிவிட்டன.

பம்பு தீர்ந்துவிட்டதா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது நம்பத்தக்கதல்ல. 200 அழுத்தம் என்று எழுதியிருந்தால் அதற்குப் பிறகும் சீறும், ஆனால் வருவது பெரும்பாலும் வெறும் வாயு. எண்ணிக்கை காட்டும் பம்பையே கேட்டு வாங்க வேண்டும். ஸ்டீராய்டு இழுத்த ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். ஒரு கருவிக்குப் பழகியவருக்குக் கடையில் சரக்கு இல்லை என்று வேறு கருவியைக் கொடுத்தால், மருந்து அதுவே ஆனாலும், புதிதாகக் கற்க வேண்டும். கற்றுத்தராமல் மாற்றிக் கொடுத்தால் நோய் கட்டுமீறும்.

கற்றுத்தர எவ்வளவு நேரம் ஆகும்? ஆஸ்திரேலியாவில் மருந்தாளுநர்களைக் கொண்டு செய்த ஆய்வில் சராசரியாக இரண்டரை நிமிடம் ஆனது. சொல்லிக் கொடுத்து, செய்து காட்டி, நோயாளியைச் செய்யச் சொல்லித் திருத்தி, மறுபடி செய்யச் சொன்னார்கள். ஒருமுறை கற்றது சில வாரங்களில் மறந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறை மருந்து வாங்க வரும்போதும் ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. அந்தப் பையில் புடசோனைடு–ஃபார்மோடெரால் இன்ஹேலர் ஒன்றும், சோதித்த முறையில் செய்த பாட்டில் ஸ்பேசர் ஒன்றும், மருந்தில்லாத பயிற்சிப் பம்பு ஒன்றும் இடம்பெற வேண்டும். மாதம் ஒருமுறை வரும் தன்னார்வலர் நோயாளி இழுப்பதைப் பார்த்து அட்டையில் குறித்துவைத்தால், அடுத்த முறை மருத்துவர் மருந்தைக் கூட்டுவதா, கருவியை மாற்றுவதா என்று முடிவெடுக்க அந்தக் குறிப்பே போதும்.